ஹைபிரிட்டா, டீசலா? வாசகர் கேள்விகளும் பதில்களும்

இந்த மாதம் வந்த கடிதங்களில் ஹைபிரிட் (எஞ்சினோடு மின்மோட்டாரும் பேட்டரியும் சேர்ந்து இயங்கும் கார்), டீசல் பற்றியவையே அதிகம் என்பதால் மற்ற கேள்விகளை அடுத்த இதழுக்குத் தள்ளிவிட்டு இவற்றை மட்டும் எடுத்துக்கொண்டேன்.

கேள்வி: வீடு மேடவாக்கம், அலுவலகம் சிறுசேரி சிப்காட். போக வர 32 கி.மீ. பிள்ளைகள் பள்ளி, கடை கண்ணி எல்லாம் சேர்த்து மாதம் 1,000 கி.மீ. ஓடும். பொங்கலுக்கும் கோடை விடுமுறைக்கும் திருநெல்வேலிக்குக் காரிலேயே போய் வருவோம். இப்போது வைத்திருப்பது 2013 மாடல் டீசல். ஒரு தொல்லையும் கொடுத்ததில்லை. அதனால் அப்பா, "டீசலைத் தவிர வேறு எதையும் யோசிக்காதே" என்கிறார். மனைவிக்கு ஹைபிரிட் பிடித்திருக்கிறது. எதுவானாலும் ஆட்டோமேட்டிக்தான். எதை வாங்கலாம்?
– வாசகர், மேடவாக்கம்

பதில்: ஹைபிரிட் வாங்குங்கள். அப்பா சொன்னது தப்பில்லை, அவர் கையில் வைத்திருப்பது 2013-ன் கணக்கு. அன்று டீசல் விலை அரசின் பிடியில் இருந்தது, பெட்ரோலைவிட லிட்டருக்கு இருபது ரூபாயை ஒட்டிக் குறைவு. 2014 அக்டோபரில் அந்தப் பிடி விலகியது, இன்றைக்கு வித்தியாசம் எட்டு ஒன்பது ரூபாய்க்கு வந்து நிற்கிறது. அதைவிட முக்கியமான மாற்றம் 2020 ஏப்ரல் 1-ல் பிஎஸ்6 என்ற புகைக் கட்டுப்பாட்டு விதி வந்தபோது நடந்தது. உங்கள் பழைய காரின் சைலன்ஸரில் இல்லாத ஒரு பொருள் இன்றைய டீசல் கார் எல்லாவற்றிலும் இருக்கிறது, அதைப் பற்றி அப்புறம் சொல்கிறேன்.

முதலில் பணத்தைப் பார்ப்போம். பெட்ரோல் 101 ரூபாய், டீசல் 92.50 என்று வைத்துக்கொள்ளுங்கள். ஓ.எம்.ஆரில் மெட்ரோ வேலைக்கு நடுவே காலை ஒன்பது மணிக்கு 1.5 லிட்டர் டீசல் ஆட்டோமேட்டிக் ஓட்டினால் லிட்டருக்கு 13 கி.மீ. கிடைப்பதே நல்ல நாள். அதே அளவிலான ஹைபிரிட் அதே சாலையில் 20, 21 கொடுக்கும். டொயோட்டா ஹைரைடர், மாருதி கிராண்ட் விட்டாரா இரண்டுக்கும் விளம்பரத்தில் போடும் 27.97-ஐ நம்பி வாங்காதீர்கள். அது சோதனைக்கூடத்தின் எண். 21 என்றே வைத்தாலும் ஹைபிரிட்டுக்குக் கிலோமீட்டருக்கு 4.80 ரூபாய், டீசலுக்கு 7.10 ரூபாய். மாதம் 1,000 கி.மீ.க்கு 2,300 ரூபாய் மிச்சம், வருடத்துக்கு ஏறக்குறைய 27,600.

நெடுஞ்சாலையில் கதை திரும்பும். திண்டிவனம் தாண்டி 100-ல் ஒரே சீராகப் போகும்போது டீசல் 19 கொடுத்தால் ஹைபிரிட் 18, 18.5 கொடுக்கும், விலையும் டீசலுக்குக் குறைவு, ஆகக் கிலோமீட்டருக்கு 60 பைசா டீசலுக்கு லாபம். திருநெல்வேலிக்கு இரண்டு முறை போய் வந்தால் சுமார் 2,500 கி.மீ. அதில் டீசல் மிச்சப்படுத்துவது வருடத்துக்கு 1,500 ரூபாய். இரண்டு ஊர்ப் பயணத்துக்காக வருடம் முழுக்க நகரத்தில் காசைக் கொட்ட வேண்டுமா என்பதுதான் அப்பாவிடம் வைக்க வேண்டிய கேள்வி. இந்தக் கணக்கைக் காகிதத்தில் எழுதிக் காட்டுங்கள், அவரே ஒத்துக்கொள்வார்.

இப்போது அந்தப் பொருளுக்கு வருவோம். அதன் பெயர் டிபிஎஃப், புகைக்கரியைப் பிடித்து வைக்கும் வடிகட்டி. கரி நிரம்பியதும் கார் அதைத் தானே எரித்துச் சுத்தம் செய்துகொள்ள வேண்டும். அதற்குப் புகைக்குழாயில் 600 டிகிரி அளவுக்குச் சூடு ஏற வேண்டும், அந்தச் சூடு பத்துப் பதினைந்து நிமிடமாவது நிற்க வேண்டும். நெடுஞ்சாலையில் ஓடும் காருக்கு இது ஒரு பொருட்டே இல்லை, ஓட்டுபவருக்கே தெரியாமல் முடிந்துவிடும். உங்கள் பாதையில் என்ன நடக்கும் தெரியுமா? சோழிங்கநல்லூர் சிக்னலுக்கு முன்னால் கார் எரிக்கத் தொடங்கும். ஐடிலில் 800 சுற்றில் நிற்கும் முள் 1,000-க்கு ஏறும், ரேடியேட்டர் ஃபேன் பலமாகச் சுற்றும், கண்ணாடியை இறக்கினால் காய்ந்த இரும்பு வாடை வரும். பத்து நிமிடத்தில் அலுவலகம் வந்துவிடும், பேஸ்மென்டில் நிறுத்தி அணைத்துவிடுவீர்கள். வேலை பாதியில் நின்றுபோகும். மாலையில் மறுபடி தொடங்கும், மறுபடி வீடு வந்துவிடும். சூடேற்றுவதற்காகக் கூடுதலாகத் தெளிக்கும் டீசலில் ஒரு பகுதி எரியாமல் சிலிண்டர் சுவர் வழியே இறங்கி எஞ்சின் ஆயிலோடு கலக்கும். இப்படிச் சில மாதம் ஓடிய காரில் டிப்ஸ்டிக்கை எடுத்துப் பார்த்தால் ஆயில் குறைவதற்குப் பதிலாக மேல் கோட்டைத் தாண்டி ஏறியிருக்கும். விரலில் தொட்டு முகர்ந்தால் டீசல் வாசம். அந்த ஆயில் நீர்த்துப்போனது, எஞ்சினையும் டர்போவையும் அது காப்பாற்றாது. ஆறு மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை மகாபலிபுரம் வரை விரட்டிவிட்டு வந்தால் சரியாகிவிடும் என்று சிலர் சொல்வார்கள். ஆறு மாதத்துக்கு ஒரு முறை போதாது, டிபிஎஃப் எச்சரிக்கை விளக்கு எரிகிறதோ இல்லையோ வாராவாரம் போக வேண்டும். அந்த டீசல் செலவையும் நேரத்தையும் யார் கணக்கில் எழுதுவது?

ஹைபிரிட்டுக்கு நெரிசல்தான் சொந்த ஊர். பிரேக் போடும்போது மோட்டார் டைனமோவாக மாறி மின்சாரத்தைப் பிடித்துவைத்துக்கொள்ளும், அந்த மின்சாரத்தில் அடுத்த நூறு மீட்டர் நகரும், சிக்னலில் நின்றால் எஞ்சின் அணைந்திருக்கும். ஏசி கம்ப்ரஸர் பேட்டரியில் ஓடுவதால் எஞ்சின் நின்றாலும் குளிர் குறையாது. மே மாத வெயிலில் சில நிமிடத்தில் பேட்டரி இறங்கிவிடும், எஞ்சின் தானே ஓடிச் சார்ஜ் ஏற்றிவிட்டு மறுபடி நிற்கும். பார்த்துப் பயப்பட வேண்டாம்.

வாங்கும் முன் குடும்பத்தோடு ஷோரூமுக்குப் போய் டிக்கியைத் திறந்து பாருங்கள். பேட்டரி அங்கேதான் உட்கார்ந்திருக்கிறது. ஹோண்டா சிட்டியில் சாதாரணப் பெட்ரோல் காருக்கு 506 லிட்டர் இடம், ஹைபிரிட்டில் 306. ஹைரைடரிலும் அப்படித்தான் சுருங்கும். ஊரிலிருந்து திரும்பும்போது அரிசி மூட்டையும் தேங்காயும் ஏற்றி அனுப்புவார்கள் என்றால், வழக்கமாகக் கொண்டுபோகும் பெரிய சூட்கேஸை ஷோரூமுக்கே எடுத்துப்போய் வைத்துப் பாருங்கள். பின்சீட்டில் அப்பாவை உட்கார வைத்துத் தலை இடிக்கிறதா என்றும் பாருங்கள். டெஸ்ட் டிரைவில் ஒரு மேம்பாலத்தில் ஆக்சிலேட்டரை முழுதாக மிதியுங்கள், எஞ்சின் ஒரே சுருதியில் கத்தும். அந்தச் சத்தம் உங்களுக்கு ஒத்துவருமா என்பதை வாங்கும் முன்னாலேயே தெரிந்துகொள்வது நல்லது.

கேள்வி: ஒரே கார், ஒரே பெயர், இரண்டிலும் ஹைபிரிட் என்று எழுதியிருக்கிறது, விலையில் மட்டும் லட்சக்கணக்கில் வித்தியாசம். விற்பனையாளர் குறைந்த விலை காரைக் காட்டி "இதுவும் ஹைபிரிட்தான் மேடம்" என்கிறார். உண்மையா?
– வாசகி, கோயம்புத்தூர், ஆர்.எஸ்.புரம்

பதில்: அவரிடம் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: "எஞ்சின் அணைந்த நிலையில் இந்த வண்டி நகருமா?" நகரும் என்றால் அது ஸ்ட்ராங் ஹைபிரிட். நகராது என்றால் மைல்டு ஹைபிரிட். கிராண்ட் விட்டாராவும் ஹைரைடரும் இரண்டு விதமாகவும் கிடைக்கின்றன, அதனால்தான் இந்தக் குழப்பம்.

மைல்டு ஹைபிரிட்டில் இருப்பது கொஞ்சம் பெரிய ஸ்டார்ட்டர் மோட்டாரும் ஒரு சின்ன பேட்டரியும்தான். சிக்னலில் எஞ்சினை அணைத்து மறுபடி எழுப்பும், கிளம்பும்போது ஒரு கை கொடுக்கும். சக்கரத்தைத் தனியாகச் சுற்றும் வலு அதற்குக் கிடையாது. மாருதி 2015-லேயே சியாஸ் டீசலில் இதைப் போட்டு விற்றது. கெட்ட பொருள் என்று சொல்ல மாட்டேன். ஆனால் நகர மைலேஜில் ஸ்ட்ராங் ஹைபிரிட்டின் பக்கத்தில்கூட வராது, அதை நினைத்துக்கொண்டு இதை வாங்கினால் ஏமாற்றம்தான்.

விலை பற்றியும் ஒரு வார்த்தை. 2025 செப்டம்பர் 22 முதல் மாறிய ஜிஎஸ்டியில் நான்கு மீட்டருக்குள் அடங்கும், 1,500 சிசிக்கு மிகாத டீசல் காருக்கு 18 சதவீதம்தான் வரி. நெக்ஸான், வென்யூ போன்றவற்றின் டீசல் இந்தக் கணக்கில் வந்துவிடுகிறது. நம் ஊரில் விற்கும் ஸ்ட்ராங் ஹைபிரிட்கள் நான்கு மீட்டரைத் தாண்டியவை, அவற்றுக்கு 40 சதவீதம். மின்சாரக் காருக்கு 5. குறைவாகப் புகைவிடும் வண்டிக்கு அதிக வரி போடுவது எனக்குச் சரியாகப் படவில்லை. உத்தரப் பிரதேசம் 2024-ல் ஸ்ட்ராங் ஹைபிரிட்டுக்குப் பதிவு வரியையே தள்ளுபடி செய்தது. தமிழ்நாட்டில் ஹைபிரிட்டுக்கு அப்படி ஒரு சலுகை கிடையாது, அதனால் எக்ஸ்-ஷோரூம் விலையை வைத்து ஒப்பிடாதீர்கள், ஹைபிரிட், டீசல் இரண்டின் ஆன்-ரோடு கொட்டேஷனையும் கையில் வாங்கிக்கொண்டு பேசுங்கள். இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தை, கிலோமீட்டருக்கு மிச்சமாகும் தொகையால் வகுத்தால் எத்தனை கிலோமீட்டரில் காசு திரும்பும் என்று தெரிந்துவிடும். மேடவாக்கம் வாசகருக்குச் சொன்ன நகர ஓட்டக் கணக்கில் (கிலோமீட்டருக்கு 2.30 ரூபாய் மிச்சம்) டீசலைவிட ஒன்றரை லட்சம் அதிகம் என்றால் 65,000 கி.மீ.

கேள்வி: ஏலக்காய் வியாபாரம். போடியிலிருந்து புற்றடி, மதுரை, சென்னை என்று மாதம் 3,500 கி.மீ. ஓடுகிறேன். பாதி நாள் பின்னால் மூட்டை இருக்கும். ஹைபிரிட் மிச்சம் என்கிறார்களே?
– வாசகர், போடிநாயக்கனூர்

பதில்: உங்களுக்கு டீசல்தான், யோசிக்கவே வேண்டாம். நீங்கள் ஓடுவது நெடுஞ்சாலையும் மலையும், அதுவும் பாரத்தோடு. ஹூண்டாய், கியாவின் 1.5 லிட்டர் டீசல் 250 நியூட்டன் மீட்டர் இழுவிசையை 1,500 சுற்றிலேயே கொடுத்துவிடும், போடிமெட்டு ஏற்றத்தில் மூட்டையோடு ஏறும்போது அதன் அருமை தெரியும். சின்ன ஹைபிரிட்டில் தொடர்ந்து ஏறினால் பேட்டரி காலியாகி மூன்று சிலிண்டர் பெட்ரோல் எஞ்சின் தனியாக முக்கிக்கொண்டிருக்கும். டிபிஎஃப் உங்கள் ஓட்டத்துக்குத் தொல்லையே தராது. வாங்கும் காரில் ஆட்ப்ளூ ஊற்ற வேண்டுமா என்று கேட்டுக்கொள்ளுங்கள், பல புதிய டீசல்களில் உண்டு. யூரியாக் கரைசல்தான், விலை பெரிதில்லை, ஆனால் தீர்ந்துபோனால் அணைத்த வண்டி மறுபடி ஸ்டார்ட் ஆகாது, அதனால் ஒரு கேன் கையிருப்பில் இருக்கட்டும்.

மாருதி 2020-லும் ஹோண்டா 2023-லும் டீசலை விட்டுவிட்டன. டாடா, மஹிந்திரா, ஹூண்டாய், கியா, பெரிய வண்டிகளில் டொயோட்டா என்று இன்னும் தேர்ந்தெடுக்க இடம் இருக்கிறது.

கேள்வி: என் டீசல் காரில் டிபிஎஃப் விளக்கு அடிக்கடி எரிகிறது. தெரிந்த மெக்கானிக் ஒருவர், "அந்த வடிகட்டியைக் குடைந்து எடுத்துவிட்டு கம்ப்யூட்டரில் ஒரு மாற்றம் செய்தால் ஆயுசுக்கும் தொல்லை இல்லை, மைலேஜும் கூடும்" என்கிறார். செய்யலாமா?
– வாசகர், சேலம்

பதில்: செய்யாதீர்கள். தயவுசெய்து செய்யாதீர்கள். அந்த வடிகட்டி பிடித்துவைக்கும் கரித்தூள் நுரையீரலின் அடிவரை போகக்கூடியது. உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு 2012-ல் டீசல் புகையைப் புற்றுநோய் உண்டாக்கும் பொருள்களின் முதல் பிரிவில் சேர்த்தது. நீங்கள் கண்ணாடியை ஏற்றி ஏசி போட்டுக்கொண்டு போவீர்கள். உங்களுக்குப் பின்னால் ஸ்கூட்டரில் பிள்ளையை முன்னால் நிற்க வைத்துக்கொண்டு வரும் அம்மாவுக்கு அந்த வசதி இல்லை. ஒருவருடைய மைலேஜுக்காக இன்னொருவர் வீட்டுப் பிள்ளை மூச்சு வாங்கக் கூடாது. இதில் எனக்கு இரண்டாவது கருத்தே கிடையாது.

சட்டப்படியும் தப்பு. மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-வது பிரிவு, கம்பெனி கொடுத்த வடிவத்திலிருந்து வண்டியை மாற்றக் கூடாது என்கிறது. வாரண்டியும் போய்விடும்.

விளக்கு ஏன் எரிகிறது என்று பாருங்கள். காலையில் இரண்டு கி.மீ., மாலையில் இரண்டு கி.மீ. என்று ஓட்டுகிறீர்களா? அதுதான் காரணம் என்றால், விளக்கு எரிந்ததும் ஓமலூர் பக்கம் நான்கு வழிச்சாலையில் ஏறி, ஒரு கியர் குறைவாக வைத்து, 2,000 சுற்றுக்கு மேல் இருபது நிமிடம் சீராக ஓட்டுங்கள். அணைந்துவிடும். அடுத்து, ஆயிலைக் கவனியுங்கள். டிபிஎஃப் உள்ள எஞ்சினுக்குச் சாம்பல் குறைவாக விடும் தனி வகை ஆயில்தான் ஊற்ற வேண்டும், எது என்று கையேட்டில் எழுதியிருக்கும். வெளி ஒர்க்‌ஷாப்பில் கையில் கிடைத்த டீசல் ஆயிலை ஊற்றியிருந்தால் அதன் சாம்பல் வடிகட்டியில் தங்கிவிடும். கரி எரியும், சாம்பல் எரியாது. இரண்டும் சரியாக இருந்தும் விளக்கு வந்தால் பிரஷர் சென்ஸரையும் இன்ஜெக்டரையும் சோதிக்கச் சொல்லுங்கள். எல்லாம் பார்த்த பிறகும் உங்கள் ஓட்டம் நாளுக்கு நாலு கிலோமீட்டர்தான் என்றால் அந்தக் கார் உங்களுக்கானது இல்லை. நெடுஞ்சாலையில் ஓடும் ஒருவருக்கு விற்றுவிடுங்கள், அவரிடம் அது நன்றாக உழைக்கும்.

கேள்வி: ஹைபிரிட் பேட்டரி போனால் காரின் பாதி விலை கேட்பார்களாமே? நம் ஊர் மெக்கானிக்குகளும் கைவைக்கப் பயப்படுகிறார்கள்.
– வாசகர், மதுரை, அண்ணா நகர்

பதில்: பேட்டரி விலை குறைவு என்று பொய் சொல்ல மாட்டேன். ஆனால் அந்தப் பயம் தேவைக்கு மேல் பெரிதாகிவிட்டது. டொயோட்டா, மாருதி, ஹோண்டா மூன்றுமே ஹைபிரிட் பேட்டரிக்கு 8 ஆண்டு அல்லது 1,60,000 கி.மீ. வாரண்டி கொடுக்கின்றன. பேட்டரியும் சின்னது, ஹைரைடரில் முக்கால் யூனிட் மின்சாரம் பிடிக்கும், மின்சாரக் காரில் இருப்பது அதைப்போல நாற்பது ஐம்பது மடங்கு. செல்போனைப் போல நூறு சதவீதம் ஏற்றிப் பூஜ்யம் வரை இறக்குவதும் கிடையாது, நடுவிலேயே ஏற்றி இறக்கிக்கொண்டிருக்கும்படி கார் பார்த்துக்கொள்கிறது. அதனால் ஆயுள் நீள்கிறது. முதல் பிரியஸ் ஜப்பானில் விற்பனைக்கு வந்தது 1997 டிசம்பரில். கால் நூற்றாண்டுக்கு மேல் உலகமெங்கும் டாக்ஸியாகவே ஓடித் தேறிய தொழில்நுட்பம் இது.

இலங்கையில் சொந்தக்காரர்கள் இருந்தால் அவர்களைக் கேளுங்கள். அங்கே ஜப்பானிலிருந்து இறக்கிய பழைய அக்வா, ஆக்ஸியோ, பிரியஸ் எல்லாம் தெருவுக்குத் தெரு. பேட்டரியைப் பிரித்து, கெட்ட செல்லை மட்டும் மாற்றிக் கொடுக்கும் கராஜ்கள் அங்கே சாதாரணம். வண்டிகள் பெருகினால் அந்தக் கைத்தொழில் இங்கேயும் வரும். இப்போதைக்கு, உயர் மின்னழுத்தம் பாயும் ஆரஞ்சு நிறக் கேபிள் போகும் இடத்தைப் பயிற்சி இல்லாதவர் தொடக் கூடாது. உங்கள் மெக்கானிக் பயப்படுவது நல்ல புத்தி.

பேட்டரி சீக்கிரம் கெடுவதற்கு நான் பார்த்தவரை பெரிய காரணம் ஒன்று உண்டு, அது ஓட்டுபவர்கள் கையில் இருக்கிறது. பல ஹைபிரிட்களில் பேட்டரியைக் குளிரவைக்கக் காருக்குள்ளிருந்தே காற்றை இழுக்கும் ஒரு துவாரம் பின்சீட்டுப் பக்கம் இருக்கும். அதன் மேல் பையை வைப்பார்கள், துண்டைப் போடுவார்கள், நாய் முடி அடைத்துக்கொள்ளும். ஷோரூமில் அந்தத் துவாரம் எங்கே என்று காட்டச் சொல்லுங்கள். அதன் ஃபில்டரை ஒவ்வொரு சர்வீஸிலும் கழற்றிச் சுத்தம் செய்தார்களா என்று பக்கத்தில் நின்று பாருங்கள்.

அப்புறம் இன்னொன்று, ஹைபிரிட்டிலும் சாதாரண 12 வோல்ட் பேட்டரி உண்டு. மகள் வீட்டுக்கு அமெரிக்கா போய்விட்டு ஆறு மாதம் கழித்து வந்து பட்டனை அழுத்தினால் கார் எழாது, உடனே "ஐயோ ஹைபிரிட் பேட்டரி போச்சு" என்று பதறுவார்கள். பெரும்பாலும் செத்திருப்பது இந்தச் சின்ன பேட்டரியாகத்தான் இருக்கும்.

கேள்வி: வாரம் ஒரு முறை ஊட்டியிலிருந்து மேட்டுப்பாளையம் இறங்குகிறேன். இறக்கத்தில் ஹைபிரிட் சார்ஜ் ஏற்றிக்கொள்ளும் என்பதால் பிரேக் தேயாது, ஓசியில் மின்சாரமும் கிடைக்கும் என்று நண்பர் சொல்கிறார். சரியா?
– வாசகர், ஊட்டி

பதில்: முதல் சில கிலோமீட்டருக்குச் சரி. ஆட்களோடு ஒன்றரை டன் வரும் கார் சுமார் 1,900 மீட்டர் உயரம் இறங்கும்போது வெளிப்படும் ஆற்றலைக் கணக்குப் போட்டால் ஏழு யூனிட்டுக்கு மேல் வருகிறது. உருளும் டயரும் காற்றும் தின்றது போக மிச்சமே சில யூனிட் இருக்கும். உங்கள் பேட்டரியோ முக்கால் யூனிட் பிடிப்பது, அதிலும் ஒரு பகுதியைத்தான் பயன்படுத்தும். ஆகவே குன்னூருக்கு முன்னாலேயே பேட்டரி கோடு முழுதாக ஏறிவிடும். அதற்கு மேல் ஏற்ற இடமில்லாததால் எஞ்சினைச் சும்மா சுற்றவிட்டு ஆற்றலைச் செலவழிக்கும், மிதிக்காமலே எஞ்சின் இரையும். புதிதாக ஓட்டுபவர்கள் ஏதோ உடைந்துவிட்டது என்று நடுரோட்டில் நிறுத்திவிடுகிறார்கள். அப்படி ஒன்றும் இல்லை, பர்லியார் பக்கம் வளைவுகளில் உங்கள் பிரேக்கைக் காப்பாற்றுவதே அந்த இரைச்சல்தான்.

இறக்கம் தொடங்கும்போதே கியர் லீவரை 'பி'க்கு (B, பார்க்கிங்கின் P இல்லை) மாற்றிவிடுங்கள், பெட்ரோல் காரில் இரண்டாவது கியர் போடுவதற்குச் சமம். 'டி'யிலேயே விட்டுவிட்டுப் பிரேக்கை மட்டும் நம்பி இறங்கினால் எந்தக் காராக இருந்தாலும் பிரேக் சூடாகிப் பிடிக்காமல் போகும். டீசல் மேனுவலில் இரண்டாவது கியரில் இறங்கும்போது கிடைக்கும் பிடி கடைசி வரை ஒரே மாதிரி இருக்கும், நீலகிரிக்காரர்கள் டீசலை விட மாட்டேன் என்பதற்கு அதுவும் ஒரு காரணம். வாரம் ஒரு முறை மலை, மற்ற நாள் ஊட்டி ஊருக்குள்ளே என்றால் ஹைபிரிட் ஒத்துவரும். தினமும் மலை என்றால் டீசல்.

கேள்வி: ஓய்வு பெற்ற ஆசிரியை. கோயில், மருந்துக்கடை, மகன் வீடு என்று மாதம் 400 கி.மீ. ஓடினால் அதிகம். பிள்ளைகள் ஹைபிரிட் வாங்கித் தருகிறேன் என்கிறார்கள்.
– வாசகி, கும்பகோணம்

பதில்: பிள்ளைகளின் மனசுக்கு வாழ்த்துகள், ஆனால் வேண்டாம் அம்மா. 400 கி.மீ.க்கு நல்ல பெட்ரோல் காரைவிட ஹைபிரிட் மாதம் ஆயிரம் ரூபாய்கூட மிச்சப்படுத்தாது. விலையில் கூடுதலாகக் கொடுக்கும் லட்சங்கள் திரும்பி வரவே வராது. டீசல் பக்கம் போகவே கூடாது, நீங்கள் ஓட்டும் தூரத்துக்கு எஞ்சின் சூடேறுவதற்குள் கோயில் வந்துவிடும். சின்ன பெட்ரோல் ஆட்டோமேட்டிக் ஒன்று போதும், ஆறு ஏர்பேக் உள்ளதாகப் பாருங்கள், மிச்சமாகும் பணத்தை வங்கியில் போடச் சொல்லுங்கள்.

கேள்வி: டீசல் காரை அரசு தடை செய்யப்போகிறது என்று வாட்ஸ்அப்பில் வருகிறது. இப்போது வாங்கலாமா?
– வாசகர், ஓசூர்

பதில்: 2023-ல் பெட்ரோலிய அமைச்சகம் அமைத்த குழு ஒன்று, பத்து லட்சம் பேருக்கு மேல் உள்ள நகரங்களில் 2027-க்குள் டீசல் கார்களை நிறுத்தலாம் என்று பரிந்துரைத்தது. அது பரிந்துரைதான், அரசு ஏற்றுக்கொள்ளவில்லை. பத்து ஆண்டு தாண்டிய டீசல் காரை ஓட்டக் கூடாது என்ற விதி டெல்லி வட்டாரத்துக்கானது, தமிழ்நாட்டில் அந்த விதி இல்லை. இந்தப் பயத்தால் மட்டும் டீசலை ஒதுக்க வேண்டாம். ஓசூரில் இருந்துகொண்டு தினமும் பெங்களூரு எலக்ட்ரானிக் சிட்டி நெரிசலில் நிற்பவர் என்றால் மேடவாக்கம் வாசகருக்குச் சொன்னதையே உங்களுக்கும் சொல்வேன்.

கேள்வி: மிக்ஜாம் புயலில் எங்கள் தெருவில் இடுப்பளவு தண்ணீர். வெள்ளத்தில் ஹைபிரிட் ஷாக் அடிக்குமா? டீசல் பாதுகாப்பானதா?
– வாசகி, வேளச்சேரி

பதில்: பேட்டரி மூடிய பெட்டிக்குள் இருக்கிறது, கோளாறு தெரிந்ததும் கார் தானே இணைப்பைத் துண்டித்துக்கொள்ளும்படிதான் செய்திருக்கிறார்கள். அதனால் தண்ணீரில் நின்ற காரின் பக்கத்தில் போனாலே ஷாக் அடிக்கும் என்று நினைக்க வேண்டாம். ஆனால் ஆரஞ்சு கேபிளைத் தொடுவது, சீட்டைக் கழற்றிப் பார்ப்பது, நீங்களே பட்டனை அழுத்தி எழுப்பிப் பார்ப்பது எதுவும் கூடாது. டோ வண்டியை அழைத்து, தண்ணீரில் நின்றது என்று சொல்லியே சர்வீஸ் சென்டரில் விடுங்கள்.

எஞ்சினைப் பொறுத்தவரை இரண்டும் ஒன்றுதான். காற்று போகும் வழியில் தண்ணீர் போனால் டீசலும் கெடும், ஹைபிரிட்டின் பெட்ரோல் எஞ்சினும் கெடும், கனெக்டிங் ராடு வளைந்து பெரிய செலவு வைக்கும். ஹைபிரிட்டில் கூடுதலாக ஒரு ஆபத்து. தண்ணீரில் மெதுவாகப் போகும்போது எஞ்சின் அணைந்திருக்கும், சத்தம் இல்லையே என்று தைரியமாக இறக்கிவிடுவார்கள். பேட்டரி குறைந்ததும் யாரையும் கேட்காமல் எஞ்சின் தானே எழும், அந்த நொடியில் தண்ணீரை உறிஞ்சிவிடும். பாதிச் சக்கரத்துக்கு மேல் தண்ணீர் என்றால் எந்தக் காரையும் இறக்காதீர்கள்.

இன்சூரன்ஸில் எஞ்சின் புரொடெக்ட் என்று ஒரு கூடுதல் பாதுகாப்பு உண்டு, வேளச்சேரியில் இருப்பவர்கள் அதை விடவே கூடாது. ஹைபிரிட் என்றால் பேட்டரியும் மோட்டாரும் அதில் அடங்குமா என்று கேட்டு மின்னஞ்சலில் பதில் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள், வாய்வார்த்தை க்ளெய்ம் நாளில் உதவாது. மற்றபடி மழை எச்சரிக்கை வந்ததும் உங்கள் பகுதிக்காரர்கள் காரை வேளச்சேரி மேம்பாலத்தில் கொண்டுபோய் நிறுத்துகிறார்களே, அதையே நீங்களும் செய்யுங்கள், முதல் நாள் சாயங்காலமே.